பயோகெமிஸ்ட்ரில ஸ்ட்ரக்சர் படத்த பாத்தே இது எந்த மாலிக்யூல்னு கண்டுபிடிக்கிறது எப்படி

மொத்தத்தையும் மனப்பாடம் பண்ண உக்காராதீங்க, முதல்ல பாஸ்பேட் (ஒரு பாஸ்பரஸ சுத்தி 4 ஆக்சிஜன்) இருக்கான்னு தேடுங்க. அதோட 5 கார்பன் சர்க்கரையும் நைட்ரஜன் உள்ள வளையமும் ஒட்டியிருந்தா நியூக்ளியோடைடு, டிஎன்ஏவோட செங்கல் இதான். பாஸ்பேட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க, செல் சவ்வுல இருக்கிற கொழுப்பு வகையான பாஸ்போலிப்பிட்லயும் அது இருக்கும், நான் அதுலதான் மார்க்க விட்டேன்.

பாஸ்பேட் இல்லையா, நடு கார்பன பாருங்க, ஒரு பக்கம் அமினோ (NH2), இன்னொரு பக்கம் கார்பாக்சில் (COOH), ஒரு ஹைட்ரஜன், மிச்சமிருக்கிற கையில ஆர் குரூப், இப்படி இருந்தா அமினோ ஆசிட். புரோட்டீன்ல வர்ற 20 வகைக்கும் வித்தியாசமே அந்த ஆர் குரூப்தான். கிளைசின்ல அது வெறும் ஹைட்ரஜன், சிஸ்டீன்ல சல்ஃபர் இருக்கும், ரெண்டு சிஸ்டீனோட சல்ஃபர் கைகோத்தா டைசல்ஃபைடு பாண்ட்.

கார்பனுக்கு கார்பன் ஹைட்ராக்சில் (OH) தொங்குனா சர்க்கரை. கார்போனைல் (C=O) நுனியில இருந்தா குளுக்கோஸ் மாதிரி ஆல்டிஹைடு, உள்ள தள்ளி இருந்தா ஃப்ரக்டோஸ் மாதிரி கீட்டோன். வளையமா வரைஞ்சிருந்தா கார்போனைல் கண்ணுக்கே தெரியாது, ரெண்டு ஆக்சிஜன் ஒட்டுன கார்பன தேடுங்க, அதான் பழைய கார்போனைல்.

நீளமான கார்பன் வாலோட நுனியில ஒரு கார்பாக்சில்னா ஃபேட்டி ஆசிட், அவ்ளோதான். 3 ஃபேட்டி ஆசிட் ஒரு கிளிசரால்ல (3 கார்பன், 3 OH உள்ள சின்ன மாலிக்யூல்) ஒட்டும்போது 3 தண்ணி வெளிய போகும், கொழுப்பு ரெடி.