பேய்ப்படமா? கண்ணை மூடாதீர்கள், காதை மூடுங்கள்

பயங்கரமான காட்சி வரப்போகிறது என்று தெரிந்ததும் கண்ணைப் பொத்திக்கொள்பவரா நீங்கள்? நானும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டே பல படங்களைப் 'பார்த்தவன்'தான். அதில் பயம் கூடுமே தவிரக் குறையாது. கதவு கிரீச்சிடுவது காதில் விழுந்துகொண்டே இருக்கும்; திரையில் இல்லாத பேயையும் சேர்த்து மனசு வரைந்து காட்டிவிடும்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டில் மியூட்டை அழுத்துங்கள். அவ்வளவுதான்.

சந்தேகமாக இருந்தால் இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்துக் குளியலறைக் கொலையை ஒருமுறை சத்தத்தோடும் ஒருமுறை சத்தமில்லாமலும் பாருங்கள். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் விடாமல் வயலின்களைக் கீச்சிட வைத்தார். கேட்டதும் ஹிட்ச்காக்கே மனம் மாறிவிட்டார். மியூட்டில் பார்த்தால் தெரிவது மளமளவென்று வெட்டி ஒட்டிய படத்துண்டுகள்தான். தண்ணீரோடு சுழன்று ஓடும் அந்த ரத்தம்கூட சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம், யாருக்குத் தெரியப்போகிறது?

தியேட்டரில் ரிமோட் கிடையாது. காதில் விரலை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், அடுத்த சீனில் அலறப்போவது அவர்தான்.

ஆனால் ஒன்று, சத்தமே போடாமல் பின்னணியில் ஓர் உருவத்தைச் சும்மா நிறுத்தி வைக்கும் படங்களும் உண்டு. அவற்றிடம் இந்த மியூட் வேலை பலிக்காது. அப்போது லைட்டைப் போட்டுவிடுங்கள்.