வகுப்பில் விவாதம் கிளம்ப வேண்டுமா? புத்தகம் எடுக்கும்போது செய்யக் கூடாதவை

வரதட்சணைக் கொடுமை பற்றிய கதையைக் கொடுத்துவிட்டு விவாதியுங்கள் என்றால் என்ன நடக்கும்? எல்லோரும் தப்பு என்பார்கள், மணி அடித்துவிடும். தலைப்பு சூடாக இருந்தால் பேச்சு தானாக வரும் என்று நம்புவதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டு பக்கத்துக்காரர்களும் எடுத்துக்காட்ட கதைக்குள்ளேயே வரிகள் இருக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தையே பாருங்கள். வழக்குரை காதையில் பாண்டியன் 'யானே கள்வன்' என்று ஒப்புக்கொண்டு அங்கேயே உயிரை விடுகிறான், மதுரை எரிவது அதற்கு அப்புறம்தான். ராஜா செத்த பிறகு ஊர் என்ன பாவம் செய்தது என்று ஒருவன் கேட்பான். அறவோர், பசு, மூத்தோர், குழந்தைகளை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே போ என்று வஞ்சின மாலையில் கண்ணகி தீயிடம் சொல்கிறாளே என்று இன்னொருத்தி மடக்குவாள். சரி, அந்தப் பட்டியலில் பார்ப்பார் இருக்கிறார்கள், பத்தினிப் பெண்டிர் இருக்கிறார்கள், சாதாரண சனம் எங்கே என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்போதுதான் வகுப்பு களைகட்டும். இதையே 'கற்பின் திறம்' என்று தலைப்புப் போட்டு நெடுவினா ஆக்கினால் கதை முடிந்தது.

தடித்த நாவல் வேண்டாம், பாதிப் பேர் யூடியூபில் சுருக்கம் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பிலேயே படித்து முடிக்கிற சிறுகதை போதும்.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் எடுப்பதும் ஆபத்து. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பிய கதை. கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று விஷயத்தை அத்தோடு முடிக்கிறாள். அவள் அப்படி முடிக்காமல் ஊரறிய அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை அவரே பிற்பாடு எழுதினார், அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. கல்லூரி வகுப்புக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கஷ்டம். ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டவே வேண்டாம். கல்லூரியிலும்கூட, அதே வலியைப் பட்ட பிள்ளை ஒன்று அங்கே இருக்கலாம். சாதிக் கதை எடுத்தால் 'உங்க பக்கம் எப்படிப்பா?' என்று ஒரு பையனை எழுப்பி நிறுத்துகிறார்களே, அது விவாதமல்ல, கொடுமை.

அப்புறம், உங்கள் கருத்தை முதலில் சொல்லாதீர்கள். வாத்தியார் சொன்னபின் எதிர்த்துப் பேச நம் பிள்ளைகள் யோசிப்பார்கள். 'எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?' என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.