அந்நியப் படை நிற்கும் ஊரில் நடக்கும் தேர்தல்: எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊதா மை தோய்ந்த ஆள்காட்டி விரல். 2005 ஜனவரி 30 அன்று ஈராக்கில் தேர்தல் நடந்தபோது உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்த படம் அது. பூத்திலிருந்து விரலில் மையோடு வெளியே வருவது நமக்குப் பழகிய பெருமை என்பதால் அந்தப் படம் நம்மை உடனே தொட்டுவிடும். தொட வேண்டியதுதான். அன்றைக்கு வாக்குச்சாவடிகளைக் குறிவைத்துத் தற்கொலைத் தாக்குதல்கள் நடந்தன, சுமார் 40 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் வரிசையை விட்டு நகராமல் நின்றவர்களின் துணிச்சலை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் அந்த ஒரு படத்தை வைத்து, ஜனநாயகம் வந்துவிட்டது என்று ஒரு தரப்பு முடிவு கட்டியது. லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் நிற்கிற நாட்டில் நடப்பதெல்லாம் தேர்தலே இல்லை என்று மறு தரப்பு ஒதுக்கித் தள்ளியது. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. இப்படிப்பட்ட தேர்தல்களைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் இதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

வரிசையின் நீளத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

ஈராக்கில் அன்று பதிவான வாக்கு ஏறக்குறைய 58 சதவீதம். நல்ல எண்தான். ஆனால் அன்பார் மாகாணத்தில் பதிவானது வெறும் 2 சதவீதம். அந்த மாகாணத்தின் ஃபலூஜா நகரத்தை அமெரிக்கப் படை பெரும் தாக்குதல் நடத்திப் பிடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஊர்மக்களில் பெரும்பாலோர் வெளியேறியிருந்தார்கள். அன்பாரில் பெரும்பான்மையினரான சுன்னி அரபுகளின் கட்சிகளில் பலவும் தேர்தலைப் புறக்கணித்தன.

தேர்தல் முறை இதை இன்னும் மோசமாக்கியது. நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்குச்சீட்டில் 111 வேட்பாளர் பட்டியல்கள், அவற்றில் 7,000க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள். உயிருக்கு ஆபத்து என்பதால் பலருடைய பெயர்கள் கடைசிவரை வெளியே சொல்லப்படவே இல்லை. தொகுதிவாரியாக நடந்திருந்தால் அன்பாரில் 2 சதவீதம் பேர் வாக்களித்தாலும் அன்பாருக்கு என்று உறுப்பினர்கள் கிடைத்திருப்பார்கள். நாடே ஒரே தொகுதி என்றானதும், வராதவர்களின் இடம் அப்படியே வந்தவர்களின் கணக்கில் சேர்ந்துவிட்டது. 275 இடங்களில் சுன்னி அரபுகளுக்கு வந்தவை 17. அந்த அவைதான் நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத வேண்டிய அவை.

அப்புறம் அக்டோபரில் அந்த அரசியல் சட்டம் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்று மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தால் சட்டம் தோற்கும் என்பது விதி. ஜனவரியில் வீட்டிலேயே இருந்த அன்பார் மக்கள் இந்த முறை வந்தார்கள், 97 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். சலாஹுத்தீன் மாகாணத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு. மூன்றாவதான நினவேயில் எதிர்ப்பு 55 சதவீதத்தில் நின்றுவிட்டதால் சட்டம் தப்பியது. ஜனவரியின் வராமையையும் அக்டோபரின் வருகையையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் அந்த 58 சதவீதத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது பெரிய பிழை. புறக்கணித்தவர்களைத் தேர்தலில் அக்கறை இல்லாதவர்கள் என்று எழுதுவதும் அதே பிழைதான்.

நடத்தியவர் யார் என்பதோடு நிறுத்திக்கொள்வது

சரி, அப்படியானால் அது அமெரிக்கா நடத்திய நாடகம் என்று தள்ளிவிடலாமா? முடியாது. 2003 நவம்பரில் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் வைத்த திட்டத்தில் நேரடித் தேர்தலே கிடையாது. மாகாணக் கூட்டங்கள் மூலம் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதுதான் யோசனை. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூனில், நஜஃப் நகரத்து மூத்த மார்க்க அறிஞர் அயத்துல்லா சிஸ்தானி ஒரு ஃபத்வா கொடுத்திருந்தார்: அரசியல் சட்டம் எழுதுகிறவர்களை ஈராக் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. 2004 ஜனவரியில் பஸ்ராவிலும் பாக்தாத்திலும் பல்லாயிரம் பேர் அதற்காகத் தெருவில் இறங்கினார்கள். ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமி வந்து பார்த்துப் பேசிய பிறகு நேரடித் தேர்தல் உறுதியானது. அந்தத் தேர்தல் கேட்டு வாங்கப்பட்டது. அதை அமெரிக்காவின் பரிசாகச் சொன்னாலும் அமெரிக்காவின் சூழ்ச்சியாகச் சொன்னாலும் தெருவில் நின்ற அந்த ஈராக்கியர்களைக் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறோம்.

படை நிற்பதாலேயே வாக்கு பொய்யாகிவிடாது என்பதற்கு ஆஸ்திரியா நல்ல சாட்சி. 1945 நவம்பர் 25இல் அங்கே தேர்தல் நடந்தபோது சோவியத், அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் நாட்டை நான்காகப் பிரித்து வைத்திருந்தன. சோவியத் படையின் ஆதரவு பெற்ற கம்யூனிஸ்ட் கட்சிக்கு 165 இடங்களில் கிடைத்தவை 4. வாக்காளர் தன் வாசலில் நிற்கிற படைக்குப் பிடிக்காததைச் சீட்டில் குறித்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப முடிந்தது. முடிவும் அப்படியே நின்றது. 1943 மார்ச்சில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த டென்மார்க்கிலும் தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்திருந்தார்கள், ஆகவே முழுச் சுதந்திரம் இல்லை. இருந்தாலும் 89 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். டேனிஷ் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2 சதவீதத்தை ஒட்டிய வாக்கு, 3 இடங்கள்.

பெயர்ப்பலகையில் சிக்கிக்கொள்வது

ஆக்கிரமிப்பா இல்லையா என்ற வாதத்திலேயே பேச்சு முடிந்துபோவதும் உண்டு. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1546ஆம் தீர்மானப்படி ஈராக்கில் ஆக்கிரமிப்பு 2004 ஜூனிலேயே முடிந்துவிட்டது. காகிதத்தில் அமெரிக்கப் படை அதன் பிறகு விருந்தாளி. ஆனால் வாக்காளர் தாண்டி வந்த சோதனைச் சாவடி அதேதான்.

இந்த விஷயம் தமிழர்களுக்கு வெகு தூரத்தில் இல்லை. 1988 நவம்பர் 19இல் இலங்கையின் இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தபோது இந்திய அமைதி காக்கும் படை அங்கே நின்றது. அது இலங்கை அரசு கையெழுத்திட்ட 1987 ஒப்பந்தப்படி வந்த படை என்பதால் சட்டத்தின் பார்வையில் ஆக்கிரமிப்பு என்ற சொல் பொருந்துமா என்று வாதாடலாம். நான் அந்த வாதத்துக்குள் போக விரும்பவில்லை. அதைவிட முக்கியமான கேள்வி, வாக்காளர் கைக்கு என்ன கிடைத்தது என்பது. வடக்கில் 36 இடங்களும் போட்டியின்றி நிரப்பப்பட்டன. விடுதலைப் புலிகள் தேர்தலை ஏற்கவில்லை. இந்தியாவின் ஆதரவு பெற்ற ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈ.என்.டி.எல்.எஃப். ஆகிய தமிழ் இயக்கங்களைத் தவிர வேறு யாரும் களத்தில் இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் யாரும் சீட்டில் புள்ளடி போட வேண்டிய அவசியமே வரவில்லை. கிழக்கில் கதை வேறு. அங்கே உண்மையான போட்டி இருந்தது, முஸ்லிம் காங்கிரஸ் 17 இடங்களை வென்றது. ஒரே சபையின் இரண்டு பாதிகள், இரண்டு வகைத் தேர்தல். மொத்தமாக ‘நடந்தது’ என்றோ ‘நடக்கவில்லை’ என்றோ சொன்னால் இரண்டில் ஒரு பாதிக்கு அநியாயம் செய்கிறோம். 1990 மார்ச்சில் படை வெளியேறியது. முதலமைச்சர் வரதராஜப் பெருமாளும் அதே மாதம் இந்தியா போய்ச் சேர்ந்தார்.

சீட்டில் யார் பெயர் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு உதாரணம் 1940 ஜூனில் சோவியத் படை புகுந்து ஜூலையில் தேர்தல் நடந்த எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா. லாட்வியாவிலும் லித்துவேனியாவிலும் சீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டியல். லித்துவேனியாவில் வாக்களித்தவரின் அடையாள ஆவணத்தில் முத்திரை குத்தினார்கள், அதனால் வராதவர் யார் என்று பிறகு கண்டுபிடிப்பது சுலபம். சோவியத் ஒன்றியத்தோடு சேர்வது பற்றிப் பிரசாரத்தில் பேச்சே இல்லை. புதிய அவைகள் ஜூலை 21இல் கூடிய உடனே அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றின.

வாக்கு எண்ணியதும் பார்ப்பதை நிறுத்திவிடுவது

என் கணிப்பில் எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். பார்வையாளர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள், செய்திகளும் ஓய்ந்துவிடும். வென்றவர் ஆட்சி செய்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

1946 ஏப்ரலில் ஜப்பானில் பெண்கள் முதல்முறையாக வாக்களித்தார்கள். 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அருமையான தொடக்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தேர்தலில் முதலிடம் பெற்ற லிபரல் கட்சியின் தலைவர் ஹதொயாமா இச்சிரோ பிரதமராகத் தயாரான நேரத்தில், ஜப்பானை ஆக்கிரமித்திருந்த படையின் அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் தலைமையகம் அவரைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கி வைத்தது. பதவி யோஷிதா ஷிகெருவுக்குப் போனது. ஹதொயாமா பிரதமரானது ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு, 1954இல். நான்கு நாட்டுப் படைகளின் பிடியில் இருந்த பெர்லினில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1946 அக்டோபரில் சமூக ஜனநாயகக் கட்சி பாதிக்குச் சற்றே குறைவான வாக்குகளோடு வென்றது, சோவியத் ஆதரவுக் கட்சிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். அடுத்த ஆண்டு நகரசபை எர்ன்ஸ்ட் ரொய்ட்டரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. சோவியத் தரப்பு தன் ஒப்புதலை மறுத்துவிட்டது. அவரால் பதவியேற்க முடியவில்லை.

2006 ஜனவரியில் பாலஸ்தீனத் தேர்தலைப் பார்க்க வந்த பன்னாட்டுப் பார்வையாளர்கள் அதைப் பாராட்டினார்கள். ஹமாஸ் 132 இடங்களில் 74ஐப் பிடித்தது. அந்த இயக்கத்தைப் பற்றி ஒருவர் என்ன கருத்து வைத்திருந்தாலும், அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அயல்நாட்டு உதவி நிறுத்தப்பட்டது. அந்தக் கோடையில் ஹமாஸ் உறுப்பினர்கள் பலரையும் இஸ்ரேல் கைது செய்தது. அவை கூடுவதற்குத் தேவையான ஆள் இல்லாமல் போனது.

வார்டு தேர்தலையும் நிலத்தின் உரிமையையும் ஒன்றாகப் பார்ப்பது

குப்பை அள்ளவும் பள்ளி நடத்தவும் நகரசபை தேர்ந்தெடுப்பது ஒன்று. நாடு யாருக்குச் சொந்தம் என்று கேட்பது வேறு. கோயிலுக்கு அறங்காவலர் இல்லாத காலத்தில் தக்கார் ஒருவரை வைப்பார்கள். அவர் விளக்கேற்ற ஏற்பாடு செய்யலாம், கணக்கு பார்க்கலாம். கோயில் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ள முடியாது. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் ஆக்கிரமித்த படைக்குத் தருவது ஏறக்குறைய அந்த இடம்தான்: இருக்கிற சட்டத்தை மதித்து, ஒழுங்கைக் காத்து, தற்காலிகமாக நிர்வகிப்பது. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 47ஆம் பிரிவில், நிலத்தைச் சேர்த்துக்கொண்டேன் என்று அறிவித்தாலும் அங்குள்ள மக்களின் பாதுகாப்பு பறிபோகாது என்கிறது.

2022 செப்டம்பரில் ரஷ்யா தன் பிடியில் இருந்த உக்ரைன் பகுதிகளில் நடத்திய வாக்கெடுப்பு இந்த எல்லையைத் தாண்டியது. ஐந்து நாள் வாக்குப்பதிவு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள், கூடவே துப்பாக்கி ஏந்தியவர்கள். கதவைத் திறந்தவர் எதைக் குறித்திருப்பார்? கெர்சோன் மாகாணத்தில் 87 சதவீதம் ரஷ்யாவோடு சேர விரும்பியதாக அறிவித்தார்கள். ஒன்றரை மாதத்தில், நவம்பர் 11இல், ரஷ்யப் படை கெர்சோன் நகரத்தை விட்டுப் போனபோது மக்கள் உக்ரைன் கொடியோடு சதுக்கத்தில் கூடினார்கள். ஐ.நா. பொதுச்சபை 143 வாக்குகளோடு அந்த இணைப்பைச் செல்லாது என்றது. எதிர்த்தவை 5 நாடுகள், இந்தியா உட்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன.

உலகம் ஏற்றுக்கொண்டதே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுவது

ஐ.நா.வின் கையெழுத்தும் எப்போதும் நம்பகமான உரைகல் இல்லை. ஒரே நாடு, இந்தோனேசியா, தன் பிடியில் வைத்திருந்த நிலங்களில் முப்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1969இல் மேற்கு பப்புவாவில் ஏறக்குறைய 8 லட்சம் மக்கள். அவர்கள் சார்பில் முடிவெடுக்க இந்தோனேசிய நிர்வாகம் தேர்ந்தெடுத்தது 1,025 பேரை. சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. ராணுவத்தின் முன்னால் கூட்டம் போட்டு, ஊர் ஊராக எல்லோரும் இந்தோனேசியாவோடு இருக்க ஒருமனதாகச் சம்மதித்ததாக அறிவித்தார்கள். ஒரு எதிர்ப்புக் குரல்கூட பதிவாகவில்லை என்பதே சந்தேகத்துக்குப் போதும். ஐ.நா. பொதுச்சபை அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

1999 ஆகஸ்ட் 30, கிழக்கு திமோர். 1975 டிசம்பரில் உள்ளே வந்த அதே ராணுவம் இன்னும் நிற்கிறது. ஆனால் இந்த முறை வாக்காளர் பட்டியலை எடுத்தது ஐ.நா. குழு. பதிவு செய்தவர்கள் சுமார் நான்கரை லட்சம் பேர். எந்த ஊர் எப்படி வாக்களித்தது என்று தெரிந்தால் அந்த ஊரைக் கொளுத்திவிடுவார்கள் என்று பயந்து, எல்லாப் பெட்டிகளையும் தலைநகர் டிலிக்குக் கொண்டுவந்து சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணினார்கள். மனிதர்கள் யோசித்துச் செய்த இந்த ஒரு சின்ன ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பொங்கும். 98 சதவீதத்துக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். இந்தோனேசியா கொடுத்த தன்னாட்சியை 78.5 சதவீதம் பேர் நிராகரித்தார்கள், அதாவது விடுதலையைத் தேர்ந்தார்கள்.

ஆனால் மே மாத ஒப்பந்தம் காவல் பொறுப்பை இந்தோனேசியாவிடமே விட்டிருந்தது. ஐ.நா. ஊழியர்கள் கையில் ஆயுதம் இல்லை. முடிவு செப்டம்பர் 4இல் வெளியானதும் ராணுவம் வளர்த்த ஆயுதக் குழுக்கள் ஊர்களுக்குத் தீ வைத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். லட்சக்கணக்கானோர் மலைக்கு ஓடினார்கள் அல்லது எல்லை தாண்டி மேற்கு திமோருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆஸ்திரேலியா தலைமையிலான பன்னாட்டுப் படை வந்து இறங்கியது செப்டம்பர் 20இல். வாக்கு நேர்மையாக நடந்தால் போதும், வாக்காளரைக் காப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததற்கு அந்தப் பதினாறு நாள்கள் விலை.

சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2001 ஆகஸ்ட் 30 அன்று, அதே மக்கள் அரசியல் நிர்ணய சபைக்கு வாக்களிக்க மறுபடியும் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கும் தெருவில் நின்றது அந்நியப் படைதான், ஐ.நா. அமைதிப்படை. 88 இடங்களில் ஃப்ரெடிலின் கட்சி 55ஐ வென்றது. அடுத்த மே மாதம் 20ஆம் தேதி நாடு அவர்கள் கைக்கு வந்தது.