சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டை: பேனிக் அட்டாக்கிலிருந்து மீளும்போது செய்யும் தவறுகள்

தனியே வெளியில் போக அஞ்சுகிறவர்களுக்குப் பயிற்சித் துணையாக, தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் நான் போய்வருவதுண்டு. நடுவழியில் திடீரென்று கடும் படபடப்பு (பேனிக் அட்டாக்) வந்தால் தப்பிக்க வழியில்லையே, உதவிக்கு ஆளில்லையே என்பதுதான் அகோரபோபியா உள்ளவர்களின் கவலை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நானும் இதே வழியாக வந்தவன் என்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். காபியைக் குறைக்காதது, இரவெல்லாம் கைபேசியில் நோய் அறிகுறிகளைத் தேடுவது ஆகியவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை தவறு என்று செய்கிறவர்களுக்கே தெரியும்.

உடம்பு தேறட்டும் என்று காத்திருப்பது

"படபடப்பு குறைந்ததும் கிளம்புகிறேன்" என்பார்கள். கிளம்பினால்தான் குறையும்.

சட்டைப்பை மாத்திரை

என் பொறுமையை இன்றுவரை சோதிப்பது இதுதான்.

ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒருவர் குரோம்பேட்டையிலிருந்து மாம்பலம் வரை போய்வரப் பழகியிருந்தார். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அதில் தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ் பாக்கெட், ஓர் எலுமிச்சம்பழம். சட்டைப்பையில் படபடப்பைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை அட்டை. நிற்பது கதவோரம் மட்டும். மாதக்கணக்கில் இப்படியே போய்வந்தார். பழையபடி ஆகிவிட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒருநாள் கிண்டியைத் தாண்டும்போது கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அட்டை இல்லை. முந்தைய நாள் சட்டையிலேயே தங்கிவிட்டது. சைதாப்பேட்டை வருவதற்குள் முகமெல்லாம் வியர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதன்பின் பல வாரங்கள் ரயில் நிலையத்தின் பக்கமே வரவில்லை.

அழுக்குக் கூடையிலிருந்து மீட்ட அந்த அட்டையைப் பிறகு என்னிடம் காட்டினார். ஓரங்கள் மழுங்கியிருந்தன. வெள்ளித்தாளில் மருந்தின் பெயர் பாதி தேய்ந்திருந்தது. அழுத்திப் பதித்த காலாவதித் தேதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது கடந்து வெகுநாளாகியிருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. இத்தனை நாளும் அவர் சுமந்தது ஒரு தாயத்தை.

இதில் நடப்பது என்னவென்றால், "படபடப்பு வந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று கற்க வேண்டிய மூளை, "மாத்திரை இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை" என்று கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு நல்ல பயணமும் அந்த அட்டையின் மதிப்பைத்தான் கூட்டுகிறது. பயம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. வீட்டிலேயே முடங்கியிருப்பவருக்காவது தான் தேறவில்லை என்பது தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது. எனக்கு எரிச்சல் அதில்தான்.

இது புதிய சங்கதியும் இல்லை. 1871-ல் பெர்லின் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால் இந்த நோய்க்கு அகோரபோபியா என்று பெயர் வைத்தபோதே, சதுக்கங்களைக் கடக்க அஞ்சியவர்கள் கூட ஓர் ஆள் வந்தாலோ, கையில் ஊன்றுகோல் இருந்தாலோ ஓரளவு தைரியமாகக் கடந்துவிடுவதைக் குறித்து வைத்தார். அந்தத் துணைகளே நோயைக் காப்பாற்றி வைக்கின்றன என்பதைப் பிரிட்டன் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991-ல் விளக்கி எழுதினார்.

எல்லாவற்றையும் ஒரேநாளில் தூக்கி எறியச் சொல்லவில்லை. முதலில் மஞ்சள் பை வீட்டில் இருக்கட்டும். அடுத்து, கதவோரத்தை விட்டுப் பெட்டியின் நடுவுக்கு வாருங்கள். அட்டையைக் கடைசியில் விடலாம். கிளம்பும் முன், அது இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "சைதாப்பேட்டைக்குள் மயங்கி விழுவேன்" என்று அவர் எழுதினார். திரும்பி வந்ததும் உண்மையில் நடந்ததை அதற்குக் கீழேயே எழுத வேண்டும். பொதுவாக, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால்தான் மயக்கம் வரும். பேனிக் அட்டாக்கில் அது பெரும்பாலும் ஏறவே செய்யும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மாம்பலம் வரை நின்றுபார்த்தால்தான் நம்புவார்கள்.

மருத்துவர் தந்த மருந்தைத் தானே நிறுத்துவது

கூடாது. சும்மா பையில் சுமப்பது வேறு, தினமும் சாப்பிடச் சொன்னது வேறு. அல்பிரசோலத்தைத் தொடர்ந்து சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். கேட்டுத் தெளிய ஆள் இல்லையென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ், எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உச்சத்தில் இறங்குவது

பேனிக் அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு, தானாகவே தணியத் தொடங்கும். நம் ஆட்கள் சரியாக அந்த உச்சத்தில்தான் ரயிலிலிருந்து இறங்குவார்கள். இறங்கியவுடன் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதுதான் விஷம். இறங்கியதால் பிழைத்தேன் என்று மனம் எழுதி வைத்துக்கொள்ளும். பல்லாவரத்தில் இறங்கத் தோன்றினால் திரிசூலம் வரை தள்ளிப்போடுங்கள். திரிசூலம் வந்ததும் மீனம்பாக்கம். அப்படியும் இறங்கிவிட்டீர்களா? நடைமேடை பெஞ்சில் உட்காருங்கள், அது அடங்கட்டும். பிறகு அதே திசையில் போகும் அடுத்த ரயிலில் ஏறுங்கள். வீட்டுக்கு ஆட்டோ பிடிக்காதீர்கள்.

மூச்சை இழுத்து இழுத்து விடுவது

பக்கத்தில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தில் சொல்லும் யோசனை இது. நீங்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. மேலும் இழுத்தால் மேலும் சுற்றும். வழக்கம்போல மூச்சு விடுங்கள், போதும். மூச்சுப் பயிற்சியையும் இன்னொரு மாத்திரை அட்டையாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

பரிசோதனை மேல் பரிசோதனை

முதல் தடவை ஈசிஜியும் தைராய்டு பரிசோதனையும் அவசியம். அதே படபடப்புக்காக நான்காவது தடவை எடுப்பது பயத்துக்குப் போடும் தீனி.

வீட்டார் உதவி

"நீ இரு, நான் வாங்கிவருகிறேன்" என்கிறவரிடம் பையையும் காசையும் வாங்கிக்கொண்டு நீங்களே கடைக்குப் போங்கள்.

ஒரே தடத்தில் ஓடுவது

மின்சார ரயிலில் தேறியவர் எல்லா இடத்திலும் தேறிவிடுவார் என்று எண்ண வேண்டாம். பயம் ஓரிடத்தில் அடங்கினால் அந்த இடத்தில்தான் அடங்குகிறது. நேரத்தை மாற்ற வேண்டும், பெட்டியை மாற்ற வேண்டும். தூக்கம் கெட்ட மறுநாளும் போக வேண்டும். மெட்ரோவின் சுரங்கப் பாதை, ஜவுளிக்கடை லிஃப்ட், தீபாவளிக்கு முந்தைய ரங்கநாதன் தெரு எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். மஞ்சள் பைக்காரர் இப்போது வெறுங்கையோடு எழும்பூர் வரை போகிறார். ஆனால் முடிவெட்ட மட்டும் இன்னும் ஆளை வீட்டுக்கு வரவழைக்கிறார். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் பாதியில் எழுந்து ஓட முடியாதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சலூனில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அவரை அங்கே அழைத்துப்போவதாக இருக்கிறேன்.