கிரேக்கக் கடவுள்கள்: உருப்போடாமல் நினைவில் வைக்க ஒரு வழி

நான் வினாடி வினா நடத்துபவன். ஜீயஸ் என்றால் ஜூபிடர், ஏரிஸ் என்றால் மார்ஸ் என்று கிரேக்கப் பெயருக்கு ரோமானியப் பெயர் போட்ட அட்டவணையை உருப்போட்டு வருபவர்கள், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே திணறுகிறார்கள். அட்டவணையை ஓரமாக வையுங்கள். வானத்திலிருந்து தொடங்குவோம்.

கோள்களுக்கு ஆங்கிலத்தில் இருப்பவை பெரும்பாலும் ரோமானியப் பெயர்கள். புதன் மெர்க்குரி, கிரேக்கர்களுக்கு ஹெர்மிஸ். வெள்ளி வீனஸ், அதாவது அஃப்ரோடைட்டி. செவ்வாய் மார்ஸ், வியாழன் ஜூபிடர், சனி சாட்டர்ன் என்கிற குரோனஸ். நெப்டியூன்தான் பொசைடன்.

யுரேனஸ் மட்டும் கிரேக்கப் பெயர். 1781இல் அதைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைக்க ஆசைப்பட்டார். நல்லவேளை, எடுபடவில்லை. ஜூபிடரின் அப்பா சாட்டர்ன், அப்படியானால் அடுத்த கோளுக்கு சாட்டர்னின் அப்பா பெயர்தானே பொருத்தம் என்றார் ஜெர்மன் வானியலாளர் யோகான் போடே. மார்ஸ் ஜூபிடரின் மகன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகன், அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா: செவ்வாயிலிருந்து வெளியே போகப் போக ஒவ்வொரு தலைமுறையாக ஏறுகிறது. இந்த நான்கு பேரையும் இனி மறக்க மாட்டீர்கள்.

அப்புறம் துணைக்கோள்கள். ஒவ்வொரு பெயருக்கும் 'இவர் அந்தக் கடவுளுக்கு என்ன உறவு?' என்று கேளுங்கள். செவ்வாயின் ஃபோபோஸும் டெய்மோஸும் ஏரிஸின் பிள்ளைகள். வியாழனைச் சுற்றும் அயோ, யூரோப்பா, கேனிமீட், கலிஸ்டோ நால்வரும் ஜீயஸ் ஆசைப்பட்டவர்கள். அவருடைய மனைவி ஹீரா, ரோமில் ஜூனோ. கணவர் மேகத்திரைக்குப் பின்னால் செய்யும் லீலைகளை எட்டிப் பார்த்தவள். 2011இல் நாசா வியாழனுக்கு அனுப்பிய விண்கலத்தின் பெயரும் ஜூனோதான். அந்தக் கோளின் மேகங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே அதன் வேலை. அந்த விண்கலத்துக்குள் ஜூபிடர், ஜூனோ, கலிலியோ என மூன்று லெகோ பொம்மைகளும் போயின. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல குறும்புக்காரர்!

தனிம அட்டவணையில் 92, 93, 94ஐப் பாருங்கள்: யுரேனியம், நெப்டியூனியம், புளூட்டோனியம். வானத்தில் இருக்கும் அதே வரிசை. 1801இல் சீரிஸ் என்ற குறுங்கோள் கிடைத்தது, 1803இல் சீரியம் வந்தது. சீரிஸ் தானியங்களின் தேவி, கிரேக்கத்தில் டிமீட்டர். காலையில் சாப்பிடும் சீரியலும் அவள் பெயர்தான். ஹீலியம் சூரியக் கடவுள் ஹீலியோஸிடமிருந்து, செலினியம் நிலாத் தேவி செலினியிடமிருந்து. எரிமலைக்கான வால்கனோ, கொல்லர் கடவுள் வல்கன். கிரேக்கப் பெயர் ஹெஃபெஸ்டஸ்.

கேள்வி கேட்பவர்கள் வலை விரிக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அப்போலோவுக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர். அவருடைய இரட்டைச் சகோதரி ஆர்ட்டெமிஸ், ரோமில் டயானா. நாசாவின் பழைய நிலவுத் திட்டம் தம்பி பெயரிலும் புதியது அக்கா பெயரிலும் இருப்பது தற்செயல் அல்ல. மாதங்களில் மார்ச் மார்ஸுக்கு, ஜூன் ஜூனோவுக்கு. ஜனவரி, இரண்டு முகம் கொண்ட ஜேனஸுக்கு. சரி, ஜேனஸின் கிரேக்கப் பெயர் என்ன? அப்படி ஒருவர் அங்கே கிடையாது. ஆனாலும் நான் கேட்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் முதல் ஆளாக மணியை அடித்து, நம்பும்படியாக ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்.