ஐ.டி. வேலையை விட்டு நாய்ப் பயிற்சியாளர் ஆவது எப்படி? ராஜினாமாவுக்கு முன் செய்ய வேண்டியவை

சென்னை ஓ.எம்.ஆரில் பதினோரு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தேன். இப்போது காலை ஆறு மணிக்கெல்லாம் பாக்கெட்டில் வேகவைத்த கோழி ஈரலோடு மடிப்பாக்கம் தெருக்களில் இருப்பேன். "நானும் வரலாமா, எங்கே ஆரம்பிக்கறது?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். "எனக்கு நாய்னா உயிர்" என்பதைத் தகுதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எல்லாருக்கும் இருக்கிறது.

1. முதலில் ஊசி

கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கடி பட்டாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ஏற்கெனவே போட்டவர்களுக்கும் பூஸ்டர் உண்டு. நங்கநல்லூரில் ஒரு குட்டி பொமரேனியன்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பயந்து பயந்து போனவன் நான்!

2. ஒரு மாதம் சும்மா பாருங்கள்

செலவே இல்லாத பள்ளிக்கூடம் உங்கள் தெரு டீக்கடை வாசல். எங்கள் கடையில் ஒரு செவலை நாய் உண்டு. ஒருநாள் ஸ்கூல் பையன் ஒருவன் ஓடிவந்து அதைக் கட்டிப்பிடித்தான். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூக்கை நக்கியது. கொட்டாவி விட்டது. கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தது. அவன் விடவில்லை. அப்புறம்தான் உறுமியது. மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்து, "திடீர்னு சீறுது சார்" என்றார். திடீரென்று இல்லை. நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உறுமியது.

உறுமலுக்கு அடி விழுந்தால் நாய் அடுத்த முறை உறுமாது, நேராகக் கடிக்கும். வாலாட்டுவதையும் நம்பிவிடாதீர்கள். உடம்பு விறைத்து, வால் மேலே நின்று, நுனி மட்டும் வேகமாக ஆடினால் அது குஷி இல்லை.

3. கையும் வாயும் பழக வேண்டும்

நாய் இல்லாமலே தொடங்கலாம். நண்பர் ஒருவரைப் பந்தைத் தட்டச் சொல்லுங்கள். பந்து தரையைத் தொடும் அதே நொடியில் "எஸ்" சொல்லுங்கள். போனில் எடுத்துப் பார்த்தால் எவ்வளவு லேட்டாகச் சொல்கிறீர்கள் என்று தெரியும். இந்த "எஸ்"தான் நாய்க்கு "இதைச் செய்ததற்குத்தான் தீனி" என்று காட்டும் முத்திரை. அதற்கு "சரி" வேண்டாம், நம் வீடுகளில் நாளைக்கு நூறு தடவை அதைச் சொல்கிறோம்.

அடுத்து, உட்கார வைப்பது. பட்டாணி அளவு ஈரலை (சைவ வீடென்றால் பனீர்) மூக்கருகே பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். தலை நிமிரும், பின்பகுதி தாழும். தரையைத் தொட்டதும் "எஸ்", உடனே தீனி. குதிக்கிறதென்றால் உங்கள் கை உயரமாகப் போகிறது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு வெறுங்கையால் அதே அசைவு. அதற்கும் உட்காரத் தொடங்கிய பிறகுதான் "சிட்" என்ற வார்த்தை. புதியவர்கள் எல்லாரும் வார்த்தையில்தான் தொடங்குகிறார்கள். "சிட், சிட், சிட்டுடா" என்பது நாய்க்கு ஆட்டோ ஹாரன் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

4. யாரிடம் கற்பது?

பயிற்சியாளருக்கென்று நம்மூரில் கட்டாய லைசென்ஸ் கிடையாது. யாரும் போர்டு மாட்டலாம். அதனால் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைப் பார்க்கக் கேளுங்கள். "நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். நான் முதலில் எடுபிடியாகச் சேர்ந்த இடத்தில் இழுத்தால் நாயின் கழுத்தை நெரிக்கும் இறுக்குச் சங்கிலிதான் பாடம். அந்தப் பயிற்சியாளர் எதிரே நாய் சிலை மாதிரி நிற்கும், வீட்டுக்குப் போனால் பழைய கதை. மூன்று மாதத்தில் விலகினேன்.

நாய்க் காப்பகங்களில் தன்னார்வலராகச் சேர்ந்தால் பலவகை நாய்கள் கைபடும். எத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். நாய்ப் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்காவின் சி.பி.டி.டி. தேர்வு எழுதவே 300 மணி நேரப் பயிற்சி அனுபவம் கேட்கிறார்கள். அதை எழுதாவிட்டாலும் அந்த எண்ணை மனசில் வையுங்கள்.

5. வீட்டுக்காரர்கள்

மயிலாப்பூரில் ஒரு லேப்ரடார். அப்பா "சிட்" என்பார், அம்மா "உக்காரு", பையன் "டவுன்". பாட்டி எதுவுமே சொல்லாமல் டேபிளுக்கு அடியில் முறுக்கு நீட்டுவார். நாய் யார் பேச்சைக் கேட்கும்? பாட்டி பேச்சைத்தான். முதல் நாளில் நாயைத் தொடவே இல்லை. நாலு வார்த்தையை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பாட்டியிடம், "முறுக்கு வேண்டாம் பாட்டி, நான் வேற தரேன். ஆனா அவன் உக்காந்தப்புறம் நீங்கதான் கொடுக்கணும்" என்றேன். அந்த வீட்டில் என் சிறந்த மாணவி அவர்தான்.

6. வெயில், தொற்று, கணக்கு

புறங்கையைத் தார்ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை நடத்தாதீர்கள். அதனால் வேலை நேரம் காலை 6 முதல் 8, மாலை 5க்கு மேல். ஒரு நாளைக்கு நாலு வீடு, அதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால். அண்ணா நகர் கிளையண்டை ஆசைப்பட்டு எடுத்து, பெட்ரோலுக்கும் டிராஃபிக்குக்கும் கொடுத்தவன் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்குப் போகும் முன் நாயின் தடுப்பூசி அட்டையையும் மாநகராட்சி லைசென்ஸையும் பார்த்துவிடுங்கள். பார்வோ (நாய்க்குட்டிகளைத் தாக்கும் வைரஸ்) வந்த வீட்டுக்குப் போன செருப்போடு குட்டி இருக்கும் வீட்டுக்குள் நுழையாதீர்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், செய்துவிடுங்கள். வருட வருமானம் 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. கவலை இல்லை, நான் அந்தக் கவலைக்குக் காத்திருக்கிறேன். ஆறு மாதச் செலவு பேங்கில் இருந்து, சனி ஞாயிறு முழுக்க நிறைந்த பிறகுதான் ராஜினாமா.

ஐப்பசி பிறந்ததும் "வெடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில போயிடுது, தீபாவளிக்குள்ள சரி பண்ணுங்க" என்று போன் வரும். முடியாது. வெடிச் சத்தத்தை மிக மெதுவாகப் போட்டு, தீனி கொடுத்து, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்க மாதங்கள் ஆகும். இந்த வருஷத்துக்கு ஜன்னலைச் சாத்தி, ஃபேனும் டி.வி.யும் போட்டு, அது ஒளிந்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். மருந்து வேண்டுமா என்று வெட்டர்னரி டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேரை, அடுத்த தீபாவளிக்குப் பழக்கத் தொடங்க, தை மாதம் நீங்களே கூப்பிடுங்கள்.