கிழிந்த தோள் ஜவ்வுக்குச் சாரம் கட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் பச்சைத் தோலைத் தூக்கித் தூக்கி டிரம்மில் போடுகிறவர் எங்கள் மாமா. தோள் ஜவ்வு, அதாவது தோள் தசையை எலும்போடு பிணைக்கும் நார், கிழிந்து, சட்டை மாட்டக்கூடக் கை மேலே போகவில்லை. எம்ஆர்ஐ எடுத்த அன்றே யாரோ, "இப்பல்லாம் லேப்லயே புது ஜவ்வு செஞ்சு வைக்கிறாங்களாம்" என்று சொல்லிவிட, வீட்டில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

முதல் தவறு அதுதான். வைப்பது புது ஜவ்வு இல்லை. டாக்டர்கள் ஸ்கேஃபோல்ட் என்பார்கள், கொத்தனாரிடம் கேட்டால் சாரம். கிழிந்த ஜவ்வை எலும்போடு சேர்த்துத் தைத்துவிட்டு, மேலே இந்தச் சாரத்தை ஒட்டுப் போடுவது மாதிரி வைத்துத் தைக்கிறார்கள், அப்புறம் நம் உடம்பின் செல்கள் அதற்குள் ஏறி, கொலாஜன் என்ற புரத நாரைப் பின்னி, மெல்ல மெல்ல அதைத் தங்கள் திசுவாக மாற்றிக்கொள்ள வேண்டும். செல் ஏறவில்லையென்றால் அது துணியில் போட்ட ஒட்டு மாதிரிதான். ஸ்டெம் செல் சேர்த்து வளர்த்த சாரமெல்லாம் பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது.

சரி, தைத்தால் மட்டும் போதாதா? ஜவ்வு எலும்பில் சேரும் இடம் லேசுப்பட்டதல்ல. ஜவ்வு, குருத்தெலும்பு, சுண்ணாம்பு ஏறிய குருத்தெலும்பு, எலும்பு என்று நான்கு அடுக்காகப் படிப்படியாக இறுகும். ஒருமுறை அறுந்தால் அந்த அமைப்பு திரும்ப வருவதில்லை, தழும்புத் திசுதான் வரும். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய கிழிசல் தைக்கப்பட்ட 18 பேரில் 17 பேருக்கு மறுபடி கிழிந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பலருக்கு வலி குறைந்து கையும் நன்றாகவே வேலை செய்தது.

அடுத்தது, "இயற்கைப் பொருள்தானே, எதுவானால் என்ன" என்ற நினைப்பு. பன்றியின் சிறுகுடல் உள்சவ்வில் செய்த ஒட்டை வைத்து 30 தோள்களில் ஒரு சோதனை நடந்தது, 2006-ல் முடிவு வந்தது. ஒட்டு வைத்த 15-ல் ஆறியது 4, வைக்காமல் தைத்த 15-ல் ஆறியது 9! வேண்டாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். மாறாக, செல் நீக்கிய மனிதத் தோலில் செய்த ஒட்டு 2012-ல் வந்த ஆய்வில் 85 சதவீதம் பேருக்குக் கிழியாமல் நின்றது, ஒட்டு இல்லாதவர்களுக்கு 40 சதவீதம்தான். ஆனால் அது மொத்தம் 42 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. பன்றியா, மாடா, மனிதத் தோலா, செயற்கை இழையா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் பல வீடுகளில் இது மருத்துவக் கேள்வி மட்டுமல்ல, மார்க்கக் கேள்வியும்தான், கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம்.

கெட்டியாக இருந்தால் நல்லது என்பதும் தப்புக் கணக்கு. இதை மாமாவுக்குப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரும் சதையும் போனபின் மிஞ்சுவது கொலாஜன் வலைதான், தோலில் சாரம் செய்கிறவர்களும் செல்லை நீக்கிவிட்டு அதே வலையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். (அந்தக் கொலாஜன் மூன்று இழை முறுக்கு என்று 1954-ல் சொன்னவர்கள் சென்னையில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.) டேனரியில் குரோம் உப்போ ஆவாரம்பட்டையோ போட்டு நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் அது அழுகாத செருப்புத் தோல். சாரத்தையும் ரசாயனத்தால் அளவுக்கு மீறிப் பிணைத்தால், உடம்பால் அதைக் கரைத்துத் தன்னுடையதாக்க முடியாது, அன்னியப் பொருளாகவே கிடக்கும். ரொம்பச் சீக்கிரம் கரைந்தாலும் வம்பு, புது நார் வலுவாகும் முன்பே பாரம் தையல்மேல் விழும்.

மாமா செய்த தவறு வேறு. தைலம் தேய்த்து, ஸ்டீராய்டு ஊசி போட்டு இரண்டு வருஷம் ஓட்டினார். ஜவ்வு அறுந்து இழுக்க ஆளில்லாத தசை சுருங்கும், அதில் கொழுப்பு ஏறும், நிறைய ஏறிவிட்டால் பின்னால் தைத்தாலும் அது திரும்புவதில்லை. தசையே வீணானபின் சாரம் யாருக்காக? இதற்காக எல்லாக் கிழிசலுக்கும் ஆபரேஷனுக்கு ஓடவும் வேண்டாம். அறுபது தாண்டிய பலருக்கு வலியே இல்லாத கிழிசல் இருக்கும், பிசியோதெரபியிலேயே சமாளிக்கிறவர்கள் ஏராளம். சர்க்கரையையும் பீடியையும் கட்டுப்படுத்தாமல் விலை உயர்ந்த ஒட்டைத் தேடுவதும் வீண் செலவு, இரண்டுமே ஆறுவதைக் கெடுக்கும்.

கடைசியில் மாமாவுக்கு ஒட்டு வைக்கவில்லை, தையல் மட்டும்தான். ஆறு வாரம் ஸ்லிங் கழற்றக்கூடாது என்றார்கள். வலி இல்லையென்றால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே ஒட்டிப் பிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது வாரம் அவர் தண்ணீர் கேனைத் தூக்கப் போனார். அன்றிலிருந்து அத்தை ஸ்லிங்கைச் சட்டையோடு சேர்த்து ஊக்கு குத்தி வைத்திருக்கிறார்.